35,000 ரூபாய்க்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்: நஞ்சராயன் குளத்துக்கு எது சரிப்படும்?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். ஊத்துக்குளிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பசுமைப் படைப் பிள்ளைகளை நஞ்சராயன் குளத்துக்கும் வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கும் கூட்டிப் போகிறீர்கள். 8×42 பைனாகுலர் ஒன்று இருக்கிறது. நடுக்குளத்தில் மிதப்பது எந்த வாத்து என்று அதில் தெரியவில்லை. ட்ரைபாடில் நிறுத்தி ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க 35,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் 25-75×70 என்று ஒன்றைக் காட்டி, "75 மடங்கு பெருசாத் தெரியும், ட்ரைபாடும் சேர்த்துத் தர்றோம்" என்கிறார். நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுபவர். வருஷத்துக்கு ஒரு தடவை வால்பாறை ரோட்டில் வரையாடும் காட்ட வேண்டும் என்று ஆசை. எதை வாங்குவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 25-75×70 வேண்டாம். முன் லென்ஸ் 65 அல்லது 80 மி.மீ., 45 டிகிரி சாய்ந்த ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் பகுதி), மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கும் வசதி, இந்த மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். 35,000-இல் மூன்றில் ஒரு பங்கை ட்ரைபாடுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 25-75×70 என்றால் 25 மடங்கிலிருந்து 75 மடங்கு வரை ஜூம், முன் லென்ஸின் விட்டம் 70 மி.மீ. என்று அர்த்தம். கடையில் எல்லோரும் முதல் எண்களைத்தான் பேசுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் எண். விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள்: 70-ஐ 75-ஆல் வகுத்தால் 0.93. ஐபீஸிலிருந்து உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர்தான். நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும், விடிகாலையில் இன்னும் விரியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒளி வந்தால் படம் மங்கும், கண்ணுக்குள் மிதக்கும் தூசி போன்ற நிழல்கள்கூடப் படத்தின் மேல் தெரிய ஆரம்பிக்கும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் எல்லாம் கறுத்துப்போகும். பிள்ளைகளுக்கு இது ரொம்பச் சிரமம். ஸ்கோப்பில் பார்த்துப் பழகாத பிள்ளை 0.9 மி.மீ. ஒளியில் கண்ணை வைத்துப் பறவையைப் பிடிப்பது நடக்காத காரியம். "தெரியுதுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், உண்மையில் ஒன்றும் தெரிந்திருக்காது.

அதே கணக்கை 80 மி.மீ. லென்ஸில் 25 மடங்குக்குப் போட்டால் 3.2 வருகிறது, 65 மி.மீ.-க்கு 2.6. இரண்டுமே பகலில் கண்ணுக்குப் போதுமான வெளிச்சம். 80-க்கும் 65-க்கும் நடுவே வெளிச்சத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம் உண்டு. காலை ஆறே காலுக்குக் கரையில் நிற்பவருக்கு அது தெரியும், எட்டு மணிக்குப் போகிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது. எடையிலும் வித்தியாசம் இருக்கிறது. 80 மி.மீ. ஸ்கோப்புகள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், 65 மி.மீ. ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். பஸ்ஸில் பிள்ளைகளோடு போய் இறங்கிக் கரையில் நடப்பவர் நீங்கள் என்பதால் இதையும் கணக்கில் சேருங்கள்.

இனி நம் ஊர்க் காற்று. வெளிநாட்டு நிறுவனங்களின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஒன்பது மணிக்கு மேல் தரையும் கரையின் பாறையும் சூடேறும், அதைத் தொட்ட காற்று மேலே எழும்பும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே மாதிரி வளைப்பதில்லை. அடுப்புக்கு மேலே பார்த்தால் எதிர்ச் சுவர் நெளிகிற மாதிரி, ஸ்கோப்புக்குள் பறவை நெளியும். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. 20 மடங்கில் லேசாகத் தெரியும், 60 மடங்கில் பறவையின் உருவமே கரைந்து ஓடும். லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இதற்கு மருந்து இல்லை, ஏனென்றால் குறை ஸ்கோப்பில் இல்லை, நடுவே இருக்கும் 400 மீட்டர் காற்றில் இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய் ஸ்கோப் வைத்திருப்பவரும் மாசி மாத வெயிலில் பத்து மணிக்கு 25, 30 மடங்குக்கு மேல் திருக மாட்டார். ஆகவே 75 மடங்குக்காகக் கொடுக்கும் பணம் நம் ஊரில் வீண். 60 வரை போகும் ஸ்கோப்பை வாங்கினாலும் முக்கால்வாசி நேரம் நீங்கள் இருக்கப்போவது 20-க்கும் 35-க்கும் நடுவில்தான்.

அது போதுமா என்றால், தாராளமாகப் போதும். நஞ்சராயன் பறவைகள் சரணாலயத்தின் பரப்பு சுமார் 126 ஹெக்டேர். கரையில் நிற்பவருக்கு நடுக்குளத்து வாத்து 300 முதல் 500 மீட்டர் தள்ளி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டரில் இருக்கும் பறவை உங்கள் 8 மடங்கு பைனாகுலரில் 50 மீட்டரில் இருப்பதாகத் தெரியும். 25 மடங்கில் 16 மீட்டர். 16 மீட்டரில் நிற்கும் ஊசிவால் வாத்தின் கழுத்து ஓரத்து வெள்ளைக் கோடு, தட்டைவாயனின் அகன்ற அலகு, நீலச்சிறகி ஆணின் கண்ணுக்கு மேல் ஓடும் வெள்ளைப் பட்டை எல்லாம் பிள்ளைகளுக்குத் தானாகவே தெரியும், நீங்கள் சுட்டிக்காட்டவே வேண்டியதில்லை. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு வருவது உங்களுக்கே தெரிந்திருக்கும். அவற்றின் தலைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கறுப்புப் பட்டைகளை எண்ண 25 மடங்கு போதும்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தகுந்தபடி நாம் நடந்துகொண்டால் ஸ்கோப்பின் தரம் ஒரு படி ஏறும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். நின்ற வண்டியின் பானெட்டுக்கு மேலாகவோ தார் ரோட்டுக்கு மேலாகவோ பார்க்காதீர்கள். தண்ணீருக்கு மேல் போகும் பார்வையில் கானல் குறைவு. கொஞ்சம் மேடான இடத்தில் நின்றால் இன்னும் குறையும். மேகமூட்டமான கார்த்திகை, மார்கழி நாளில் பதினொரு மணிவரைகூட 40 மடங்கு நன்றாக நிற்கும். ஏ.சி. காரில் கொண்டுபோனால் இறங்கியதும் பார்க்க வேண்டாம். வெளியே எடுத்து வைத்து, ஸ்கோப் வெளிச் சூட்டுக்கு வரும்வரை கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் லென்ஸில் படிந்த பனியும் போய்விடும்.

அடுத்தது ட்ரைபாட். இதைப் பற்றி நான் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் நம் பக்கம் ஸ்கோப் வாங்கியவர்களில் பலர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியதற்கு ஸ்கோப் காரணமில்லை, அதோடு இலவசமாக வந்த மூன்று கால்தான் காரணம். ஒரு சாண் உயரத்துக்கு மேஜையில் வைக்கும் குட்டி ட்ரைபாடை வைத்துக்கொண்டு குளக்கரையில் ஒன்றும் செய்ய முடியாது. செல்போனுக்கு விற்கும் மெல்லிய ட்ரைபாடும் ஆகாது. 30 மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் 30 மடங்கு பெரிதாகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. அந்த மண்ணில் நின்றுகொண்டு பார்க்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. வலசை வரும் ஐப்பசி முதல் பங்குனி வரைக்கும் காற்று அடக்கமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் குளக்கரை மேட்டில் எப்போதும் கொஞ்சம் காற்று உண்டு, ஆனி, ஆடியில் சொல்லவே வேண்டாம்.

ட்ரைபாட் பார்க்கும்போது பெட்டியில் "இத்தனை கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. கால்களின் மேல் பகுதி கட்டைவிரலை விடத் தடிமனாக இருக்க வேண்டும். நடுத்தண்டைத் தூக்காமலே உங்களுக்குத் தேவையான உயரம் வர வேண்டும், ஏனென்றால் நடுத்தண்டை ஏற்றினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக் குச்சியில் நிறுத்தியதாகிவிடும். பந்து போன்ற தலை உள்ள ட்ரைபாட் கேமராவுக்கு நல்லது, ஸ்கோப்புக்கு வேண்டாம். பிடியைத் தளர்த்தியதும் ஸ்கோப் முன்பக்கமாகச் சாயும். நமக்கு வேண்டியது வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் ஃப்ளூயிட் ஹெட். நீளக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இடது வலதாக, மேல் கீழாக நகர்த்தலாம், விட்ட இடத்தில் நிற்கும்.

கடையில் ஸ்கோப்பை மாட்டி, 30 மடங்கில் தூரத்துப் போர்டு ஒன்றைப் பார்த்தபடி ஸ்கோப்பின் உடம்பை விரலால் லேசாகத் தட்டுங்கள். படம் ஆடி, இரண்டு விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் அந்த ட்ரைபாடை எடுக்காதீர்கள். அலுமினியமே போதும். கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. ஒரு யோசனை: கல்யாண வீடியோ எடுப்பவர்கள் புது ட்ரைபாட் வாங்கும்போது பழைய கனமான ட்ரைபாடையும் ஃப்ளூயிட் ஹெட்டையும் நல்ல நிலையிலேயே விற்பதுண்டு. திருப்பூர், ஈரோட்டு ஸ்டுடியோக்களில் விசாரித்துப் பாருங்கள். காற்று அடிக்கும் நாளில் ட்ரைபாட் நடுவில் உங்கள் பையையே தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமல் இருந்தால் அது ஊஞ்சலாடாது.

சாய்ந்த ஐபீஸா, நேர் ஐபீஸா என்ற கேள்வியில் உங்களுக்குச் சந்தேகமே தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் நீங்களும் ஒரே ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நேராக உள்ளதில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் ட்ரைபாடை ஏற்றி இறக்க வேண்டும், அதற்குள் பறவை போய்விடும். 45 டிகிரி சாய்ந்ததைக் குள்ளமான பிள்ளையின் உயரத்துக்கு நிறுத்திவிட்டால் பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். ட்ரைபாடும் தாழ்வாக நிற்பதால் ஆட்டம் குறையும். ஸ்கோப்பின் இடுப்பில் ஒரு வளையம் இருக்கும். அதன் திருகைத் தளர்த்தினால் ஸ்கோப்பை அப்படியே பக்கவாட்டில் சுழற்றலாம். ஐபீஸைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் இன்னும் சின்னப் பிள்ளையும் நின்ற இடத்திலேயே பார்க்கும், ஸ்கோப் நோக்கும் திசை மாறாது. இந்த வளையம் இல்லாத ஸ்கோப்பைப் பள்ளிக்கு வாங்காதீர்கள்.

சாய்ந்ததில் ஒரே சிரமம், பறவையை உள்ளே கொண்டுவருவது. முகம் ஒரு பக்கம், ஸ்கோப் ஒரு பக்கம் பார்ப்பதால் முதலில் தடுமாறும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை ஸ்கோப்பின் முன்பகுதியில் சுற்றி இறுக்கி, அதன் வாலை வெட்டாமல் மேல்நோக்கி நிற்கவிடுங்கள். பின்னாலிருந்து அந்த நுனியைப் பறவைக்கு நேராக வைத்தால் பறவை 20 மடங்கில் படத்துக்குள் வந்துவிடும். எப்போதும் குறைந்த மடங்கில் தேடி, கிடைத்தபின் ஜூமைக் கூட்டுங்கள். 20-60 ஸ்கோப் ஒன்றில், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 20 மடங்குக்கு 35 மீட்டர் அகலம் தெரிகிறதென்றால், 60 மடங்கில் அதில் பாதிதான் தெரியும்.

மூக்குக்கண்ணாடி விஷயம். ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதை ஐ ரிலீஃப் என்பார்கள். கண்ணாடி போடுபவருக்கு அது 15 மி.மீ.-க்குக் குறையாமல் வேண்டும், 17, 18 இருந்தால் நிம்மதி. ஜூம் ஐபீஸ்களில் மடங்கு மாற மாற இந்த அளவும் மாறும், பெட்டியில் பெரிய எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். அதனால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே 20, 40, 60 மூன்றிலும் பார்த்துவிடுங்கள். ஐபீஸைச் சுற்றியுள்ள ரப்பர் கப்பைத் திருகிக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். வட்டத்தின் ஓரம் எங்கேயாவது வெட்டுப்பட்டால் அது உங்களுக்கு ஆகாது. பிள்ளைகளுக்குக் கப்பை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

லென்ஸ் கண்ணாடியின் தரத்துக்கு வருவோம். ஈ.டி. கண்ணாடி என்று எழுதியிருந்தால் விலை கூடும். சாதாரண லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை, அதனால் வெளிச்சத்தின் எல்லையில் ஊதா, பச்சை ஓரம் அடிக்கும். ஈ.டி. கண்ணாடி அதை வெகுவாகக் குறைக்கும். 20 மடங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது, 40-ஐத் தாண்டினால் நன்றாகத் தெரியும். இருண்ட தண்ணீர் ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் முதுகு, வெளுத்த வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்த காக்கை, இரண்டையும் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இது எதற்கு அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். தை மாதம் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது கொசு உள்ளான் வரும், சிட்டுக்குருவி அளவுதான். அதனோடு அதே அளவில் டெம்மிங்க் உள்ளானும் வரும். மேலே பார்த்தால் இரண்டும் பழுப்புத்தான். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. 80 மீட்டர் தள்ளிச் சேற்றில் நிற்கும் அந்தத் தீக்குச்சி மொத்தக் காலின் நிறத்தைச் சொல்வதற்குத்தான் நல்ல கண்ணாடி வேண்டும். ஓரமெல்லாம் ஊதா அடிக்கும் ஸ்கோப்பில் எல்லாக் காலும் ஒரே நிறமாகத்தான் தெரியும். காலில் வளையமோ கொடியோ மாட்டிய பறவை வந்தாலும் அப்படித்தான். அதன் நிறத்தையும் எழுத்தையும் தப்பில்லாமல் படித்தால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு.

கடைக்குப் போகும்போது ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தள்ளி நிழலில் சுவரில் ஒட்டவைத்து, அதிலுள்ள சின்ன எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். நல்ல ஸ்கோப்பில் ஃபோகஸைத் திருகும்போது ஒரு இடத்தில் சட்டென்று கூர்மை வந்து நிற்கும், கொஞ்சம் தாண்டினாலும் கலையும். மட்டமானதில் "இதுதான் கூர்மையா, அதுவா" என்று முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு முன் லென்ஸில் ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். மங்கலான பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் இருக்கிறது, பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் பிம்பம் இருந்தால் அந்தப் பரப்பில் கோட்டிங் இல்லை. ஐபீஸை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தைக் காட்டினால் அதில் சின்ன ஒளி வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் நறுக்கியது போலச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பிரிஸத்தில் சிக்கனம் பண்ணியிருக்கிறார்கள்.

கண்ணாடி ஷோரூமுக்குள் நின்று, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் கண்ணாடியே படத்தைக் கெடுக்கும். வெளியே எடுத்துவரச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டு மொட்டை மாடியில் செய்துவிடுங்கள். இரவில் ஒரு நட்சத்திரத்தையும் பாருங்கள். ஃபோகஸில் அது புள்ளியாக நிற்க வேண்டும். ஃபோகஸை இரண்டு பக்கமும் கொஞ்சம் கலைத்தால் வட்ட வட்டமாக விரிய வேண்டும். ஒரு பக்கம் வால் முளைத்தால் லென்ஸ் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர் புகாத அமைப்பும், உள்ளே நைட்ரஜன் நிரப்பியதும் இப்போது பெரும்பாலான ஸ்கோப்புகளில் வந்துவிட்டன. இருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாடல்களைப் பற்றி. விலை அடிக்கடி மாறுவதால் வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள், ரகத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்வரோவ்ஸ்கி ஏ.டி.எக்ஸ்., ப்ளோரைட் கண்ணாடி போட்ட கோவா டி.எஸ்.என்.-883, ஸைஸ் ஹார்ப்பியா எல்லாம் லட்சங்களில் போகும். அவற்றில் ஒரு தடவை பார்த்துவிட்டால் கண் மாறிவிடும், ஆனால் பள்ளிக்கு அது தேவையில்லை. நடுத்தரத்தில் வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் 20-60×85 நல்ல ஸ்கோப், உங்கள் பட்ஜெட்டை மீறும். உங்கள் பட்ஜெட்டில் செலஸ்ட்ரான் அல்டிமா 65, அல்டிமா 80 இரண்டையும் பார்க்கலாம். முதலாவது 18-55 மடங்கு, இரண்டாவது 20-60. ஸ்வ்போனியிலும் 80 மி.மீ. ரகங்கள் உண்டு, அதில் ஈ.டி. போட்டது கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். என் அபிப்பிராயம்: ஈ.டி. உள்ள 65-க்கும் ஈ.டி. இல்லாத 80-க்கும் ஒரே விலை என்றால் 65-ஐ எடுங்கள். தோளில் தூக்கி நடக்கும் சுமை குறையும், அதே ட்ரைபாடில் இன்னும் உறுதியாக நிற்கும். 50 மி.மீ.-இல் கோவா டி.எஸ்.என்.-501 என்று ஒன்று இருக்கிறது, 20-40 மடங்கு, எடை 400 கிராம்தான். வால்பாறை மாதிரி நடந்து ஏறும் இடத்துக்கு அருமையானது, விடிகாலைக் குளத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் போதாது.

வாங்குவதற்கு முன் ஒருக்கா மற்றவர் ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊரிலும் பறவை பார்ப்பவர் குழுக்கள் இருக்கின்றன. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது குளக்கரையில் ஸ்கோப்போடு ஆட்கள் நிற்பார்கள். கேட்டால் பார்க்க விடாதவர் எவரும் இல்லை. 65-இலும் 80-இலும் அடுத்தடுத்துப் பார்த்த பத்து நிமிஷம், நான் எழுதும் பக்கங்களை விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

செல்போன் அடாப்டருக்கும் கொஞ்சம் பணம் வையுங்கள். உங்கள் வேலைக்கு அது ஆடம்பரம் இல்லை. இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றால் முதல் பிள்ளை பார்த்த பறவை கடைசிப் பிள்ளைக்கு இருக்காது. போனை ஐபீஸில் மாட்டி ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம். வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் தெரிந்தால் போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் போய்விடும். படம் எடுக்கும்போது திரையைத் தொடாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். பல கேமரா உள்ள போனில் பிரதான கேமரா எது என்று விரலால் மறைத்துப் பார்த்து, அதற்கு நேராக அடாப்டரை மாட்டுங்கள். திரையில் பார்த்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரு முறையாவது ஐபீஸில் கண் வைத்துப் பார்க்கட்டும். அந்த அனுபவம் திரையில் வராது.

ஒரு கண்டிப்பு. ஸ்கோப்பைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது, மாலைச் சூரியனுக்கும் இதேதான். ஒரு நொடியில் கண் போய்விடும், திரும்ப வராது. பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்கோப்பைத் தொடவிட வேண்டும். பார்க்காத நேரத்தில் முன் லென்ஸுக்கு மூடி போட்டுவிடுங்கள். இரவில் தைரியமாகப் பார்க்கலாம். நிலாவின் குழிகள் 20 மடங்கிலேயே தெரியும். வியாழன் மேலே இருக்கும் மாதங்களில் அதன் நான்கு பெரிய நிலாக்களும், 40 மடங்குக்கு மேல் சனியின் வளையமும் தெரியும். பள்ளி மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் போதும்.

வரையாடு பார்க்க ஆழியாறு-வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவின் காட்சிமுனை நல்ல இடம். அங்கே பல சமயம் வரையாடு ரோட்டோரத்திலேயே நிற்கும், அப்போது ஸ்கோப்பே வேண்டாம். பாறை உச்சியில் இருந்தால்தான் வேண்டும், அண்ணாந்து பார்ப்பதற்குச் சாய்ந்த ஐபீஸ் வசதி. வண்டியை வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், பிள்ளைகளைத் தடுப்புச் சுவர் ஓரமாக விடாதீர்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகு பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வெண்முதுகுப் பாறுகள் அங்கே ஆற்றோர மரங்களில் கூடு கட்டுகின்றன. கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டமே ஆகாது. ஸ்கோப்பின் பெரிய நன்மையே நாம் தள்ளி நிற்கலாம் என்பதுதான். வெள்ளோட்டில் கூடு கட்டும் காலத்திலும் இதையே கடைப்பிடியுங்கள். பறவை கழுத்தை நீட்டி நம்மையே பார்க்க ஆரம்பித்தால் நாம் நெருங்கிவிட்டோம், இரண்டு எட்டுப் பின்னால் போக வேண்டும். அணைக்கட்டுகளில் ஸ்கோப் நிறுத்துவதற்கு முன் அங்குள்ள அலுவலரிடம் சொல்லிவிடுங்கள், வீடுகள் இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

பராமரிப்பு எளிது. லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் துணி. சேலை முந்தானையாலோ துண்டாலோ துடைத்தால் மண் துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். மழைக்காலத்தில் பள்ளி பீரோவில் வைத்துப் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் திரும்பப் பயன்படும்.

பணத்தைப் பிரிப்பதென்றால் ஸ்கோப்புக்கு 22,000 வரை, ட்ரைபாடும் ஃப்ளூயிட் ஹெட்டும் சேர்த்து 11,000, மிச்சத்தில் அடாப்டரும் டப்பாவும். ட்ரைபாட் பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மிஞ்சுவதை ஈ.டி. கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஜூமுக்கு வேண்டாம். இரண்டு மாடலுக்கு நடுவே குழப்பம் வந்தால் இரண்டின் பெயரையும், பெட்டியில் போட்டிருக்கும் ஐ ரிலீஃப் அளவையும் எழுதுங்கள் டீச்சர், பார்த்துச் சொல்கிறேன்.